ரஹ்மானும் நம்ம ஊர் தாளப் பெட்டியும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கத்தின் செயலாளர் போன மாதம் போன் செய்து, "தொழில்நுட்பத்தைப் பற்றி மாணவர்களுக்கு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "சினிமா வேண்டாமே" என்று இழுத்தார். "சினிமா இல்லைங்க, எலக்ட்ரானிக்ஸ்தான்" என்றேன். அரை மனசோடு சரி என்றார். இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். (சிரிப்பு)

ரஹ்மான் என்றதும் ஆஸ்கார், கிராமி என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது ஒரு பையன். 1976-இல் அவருடைய அப்பா ஆர்.கே. சேகர் காலமானபோது அந்தப் பையனுக்கு வயது ஒன்பது. பெயர் திலீப்குமார். அப்பா மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். அதைவிட அதிகமாக மற்ற இசையமைப்பாளர்களுக்கு இசைக்குழுவை நடத்திக் கொடுத்தவர். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அவர் சேர்த்து வைத்திருந்த வாத்தியங்களும் கருவிகளும்தான். அவற்றை ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. வாடகைக்குப் போகிற பெட்டி உடைந்து திரும்பி வந்தால் அந்த மாதம் அரிசிக்குக் கஷ்டம் என்ற நிலையில் வளர்கிற பிள்ளை, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்குமா? சின்ன வயதில் தனக்கு எலக்ட்ரானிக்ஸ் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகத்தான் ஆசை என்று அவரே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே, மாணவர்களே, அவர் நமக்கு ஒரு வகையில் சக மாணவர். அட்மிஷன் கிடைக்காத சக மாணவர். (சிரிப்பு) பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டுவிட்டு கீபோர்டு வாசிக்கப் போக வேண்டியதாயிற்று.

பதினோரு வயதில் இளையராஜா அவர்களின் குழுவில் கீபோர்டு. அதோடு எம்.எஸ். விஸ்வநாதன். நம்ம எல்லைப்பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அந்தப் பையன் தெலுங்கில் ரமேஷ் நாயுடுவிடமும் ராஜ்-கோட்டியிடமும் வாசித்தான்; கன்னடத்தில் விஜய பாஸ்கரிடமும் ஹம்சலேகாவிடமும் வாசித்தான். ஓசூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் என்ன மூன்று பாஷைப் பாட்டு பாடினால் கைதட்டு விழுமோ, அந்த மூன்று பாஷைக்கும் அவர் சம்பளத்துக்கு வாசித்திருக்கிறார். அட்டிபெலே செக்போஸ்ட் தாண்டினால் ஒரு பாட்டு, தாண்டாவிட்டால் ஒரு பாட்டு என்று வாசித்த எங்களுக்கு அந்தப் பாடு புரியும்.

"எங்களுக்கு" என்று சொன்னேன். இங்கே பலருக்குத் தெரியாது. நான் படிக்கும்போதே ஒரு லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். படிப்பு முடித்து 1990-இல் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வாசித்தேன். எட்டுப் பேர், ஒரு மெட்டடார் வேன். சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழாவில் ஆரம்பித்து, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, பாகலூர், சூளகிரி என்று எங்கே ஷாமியானா போட்டாலும் போவோம். அந்த எட்டுப் பேரில் தோலக் வாசித்தவர் ஒருவர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பகலில் மர இழைப்புப் பட்டறை, ராத்திரி தோலக். நாங்கள் அவரை அண்ணா என்போம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் இறங்கமாட்டேன்.

இப்போது பாடத்துக்கு வருவோம். எண்பதுகளில் இசைக் கருவிகளின் உலகத்தில் நடந்த பெரிய காரியம் ஒரு கேபிள். ஐந்து பின் வைத்த, பழைய டேப் ரிக்கார்டர் பின்னால் இருக்குமே, அதே மாதிரியான கேபிள். அதற்குப் பெயர் மிடி. அதுவரை ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கீபோர்டோடு பேசாது. மாமியார் மருமகள் மாதிரி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித் என்ற இன்ஜினியரும், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை உருவாக்கிய இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்தார்கள். 1983-இல் அது வெளிவந்தது. முப்பது வருஷம் கழித்து, 2013-இல் அவர்கள் இருவருக்கும் அதற்காகக் கிராமி விருது கொடுத்தார்கள். பாட்டுக்கு இல்லை, கேபிளுக்கு!

அந்தக் கேபிளில் சத்தம் போகாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ரஹ்மானைப் புரிந்துகொண்ட மாதிரி. அதில் போவது தகவல்தான். எந்தக் கட்டையை அழுத்தினான், எவ்வளவு வேகமாக அழுத்தினான், எப்போது விட்டான். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை நம்பர். நடு 'ஸி' கட்டைக்கு 60. அழுத்தின வேகத்துக்கும் 127 வரை நம்பர். வினாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்துப் பத்து பிட். ஒரு கட்டையை அழுத்தினதைச் சொல்ல மூன்று பைட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடி வரும். உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு ஆப்டோ கப்ளர் இருக்கும். ஒரு பெட்டியின் கிரவுண்டு இரைச்சல் அடுத்த பெட்டிக்குப் போகாமல் இருக்க. நான்காம் செமஸ்டரில் "இது எதுக்குப் பயன்படப் போகுது சார்?" என்று நாங்கள் கேட்ட அதே ஆப்டோ கப்ளர்தான். சார் இங்கேதான் இருக்கிறார். மன்னிச்சிடுங்க சார்.

சத்தமாக இல்லாமல் தகவலாக இருந்தால் என்ன லாபம்? திருத்தலாம். வயலினில் வாசித்ததை வீணைச் சத்தமாக மாற்றலாம். தாமதமாக விழுந்த அடியைச் சரியான இடத்துக்குத் தள்ளலாம். ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு குழுவையே கட்டலாம். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா அவர்கள் கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார்கள். யமாஹாவின் சி.எக்ஸ்.5 எம் என்ற மியூசிக் கம்ப்யூட்டர். உள்ளே இருந்த மூளை இசட்-80. நாம் படித்த 8085-க்குப் பங்காளி. அந்தக் கருவியில் கை வைத்து வேலை செய்தது பத்தொன்பது வயது திலீப். ஒரு பெரிய இசை மேதையின் பக்கத்தில் நின்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அந்த வயதில் நான் மல்டிமீட்டரில் கரண்ட் ரேஞ்சில் வைத்து வோல்டேஜ் பார்த்து ஃபியூசை எரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எலக்ட்ரானிக் இசை ரஹ்மானோடு ஆரம்பிக்கவில்லை. 1969-லேயே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மூக் சிந்தசைசரை வைத்து இளைஞர்கள் சோதனை செய்திருக்கிறார்கள். 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர், மூன்று ஜப்பான் மெஷின்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ரிக்கார்டாகப் போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் ஒரு மெஷின், டி.பி.-303, விற்காமல் போய் 1984-இல் கம்பெனியே நிறுத்திவிட்டது. சில வருஷம் கழித்து அமெரிக்காவில் சிகாகோ பையன்கள் அதைப் பழைய விலைக்கு வாங்கி ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு புது இசையையே உண்டாக்கினார்கள். அப்புறம்தான் உலகம், "அட, பம்பாயில் ஒருத்தர் இதை முன்னாலேயே செய்திருக்கிறாரே" என்று வாயைப் பிளந்தது. 2010-இல் அந்த ரிக்கார்டு மறுபடி வந்தது. அவர் 2015-இல் காலமானார். அவ்வளவு தூரம் ஏன், பக்கத்தில் பெங்களூரில் எச்.ஏ.எல்.-இல் இன்ஜினியராக இருந்த ராஜ் நாராயண் என்பவர்தான் 1979-இல் எலக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கச்சேரி மேடைகளில் பாடகருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி ஸ்ருதி போடுகிறதே, அந்த வம்சம். நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் நடந்த காரியம்.

சரி, திலீப். 1987-இல் அவருக்கு விளம்பர இசை வாய்ப்பு வந்தது. எதற்கு? கடிகாரத்துக்கு! நம்ம ஊர் டைட்டனுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆல்வின் கடிகாரத்துக்கு. நம்ம ஊர் கடிகாரத்துக்கு மொசார்ட்தான் மியூசிக் போட்டார். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லையே. (சிரிப்பு) அதன் பிறகு முன்னூறுக்கும் மேற்பட்ட விளம்பரங்கள். முப்பது வினாடிக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். சத்தம் புதுசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனங்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அது ஒரு பெரிய பயிற்சி. 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே ஒரு ஸ்டுடியோ கட்டினார், பஞ்சதன் ரிக்கார்ட் இன். திலீப் ஏ.ஆர். ரஹ்மான் ஆனதும் அந்தக் காலகட்டத்தில்தான்.

அதே காலகட்டத்தில் எங்கள் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன். குழுவை நடத்தியவர் ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ரிதம் பாக்ஸை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். ஜப்பான் சரக்கு, நூறு வோல்டுக்குச் செய்தது. யாரோ புண்ணியவான் நேராக 230-இல் சொருகி டிரான்ஸ்பார்மரைக் கொளுத்தியிருந்தான். "தம்பி, நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், பார்த்துச் சரி பண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து எஸ்.பி. ரோடு போய் ரெகுலேட்டர், கெப்பாசிட்டர் வாங்கி வந்து, ஒரு எலிமினேட்டரைப் பிரித்து உள்ளே வைத்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்ட்ஸ், பாசா நோவா, ஸ்லோ ராக் என்று நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லாத தாளமெல்லாம் இருந்தது. ஆனால் பதினாறு பட்டன் இருந்தது. எந்தெந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அங்கே அடி விழும். ஒரு வாரம் உட்கார்ந்து டப்பாங்குத்தை அந்தப் பதினாறு பட்டனுக்குள் அடைத்தேன். மத்திகிரியில் ஒரு கல்யாணத்தில் முதல் முறையாகப் போட்டோம். ஆடின ஜனம் நிற்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, டிப்ளமோ சர்டிபிகேட் வாங்கினபோதுகூட இல்லை.

அடுத்த வாரம் வேனில் ஏறும்போது பார்த்தேன், டிரம்ஸ்காரரும் தோலக் அண்ணாவும் இல்லை. கேட்டதற்கு, "ரெண்டு பேர் பேட்டா மிச்சம்பா, வேன்ல இடமும் இருக்கு" என்று பதில். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அண்ணாவைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்து ஒதுங்கினேன். அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "நல்லா போட்டிருக்கே தம்பி. கரெக்டா விழுதுன்னாங்க. எனக்குத்தான் பாட்டு போகப் போக கொஞ்சம் ஓடிடும்" என்றார். தன் மேலேயே குறை சொல்லிக்கொண்டார். அந்த டீ எனக்கு இறங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் 'ரோஜா' வந்தது. 1992 ஆகஸ்ட் 15. அந்தப் படத்துக்கு ரஹ்மானுக்குச் சம்பளம் 25,000 ரூபாய் என்பார்கள். கேசட் கடை வாசலில் நின்றே கேட்டோம். டீக்கடை ஸ்பீக்கரில் அதுவரை வராத ஒரு அடித்தள 'தும்' சத்தம் வந்தது. கல்லாவில் சில்லறை ஆடியது. அடுத்த முகூர்த்தத்திலிருந்து எல்லோரும் மின்மினி பாடிய அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். குழுத் தலைவர் என்னிடம், "மெஷின்ல போட்ட பாட்டுதானே, நம்ம மெஷின்ல எடுத்துடு" என்றார். நான்கு ராத்திரி வாக்மேனில் கேட்டேன். எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆனது.

நான் மெஷினை வைத்து மனுஷனை நகல் எடுத்தேன். அவர் அதைச் செய்யவில்லை. தாளத்தை ஒன்றாகப் போடாமல் அடுக்கு அடுக்காகப் போட்டார். அடுக்குகளுக்கு நடுவில் வெற்றிடம் விட்டார். அந்த வெற்றிடத்தில் உயிருள்ள ஆளை நிறுத்தினார். நவீன் குமாரின் புல்லாங்குழலைக் கேளுங்கள். 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் தீம் இசையைக் கேளுங்கள். அந்தக் குழலில் வருகிற மூச்சுச் சத்தத்தைக்கூடத் துடைக்கவில்லை. பழைய முறையில் ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை வாசிப்பார்கள். ஒருத்தர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இவரோ ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதுவும் நடு ராத்திரியில், "உங்களுக்குத் தோன்றினதை வாசிங்க" என்று விட்டுப் பதிவு செய்துகொள்வார். பிறகு அதில் எது வேண்டுமோ எடுத்துக் கோர்ப்பார். அவருடைய கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகி வந்தன. அந்த அட்டையைப் பார்த்துத்தான் புல்லாங்குழல் வாசித்தவர் பெயர் நவீன் என்று ஓசூரில் இருந்த எனக்குத் தெரிந்தது. அதுவரை சினிமாப் பாட்டில் வயலின் யார், தபேலா யார் என்று கேட்பவனும் இல்லை, சொல்பவனும் இல்லை.

ஒலிப்பதிவு இன்ஜினியர் எச். ஸ்ரீதரை இங்கே சொல்லாமல் போனால் நாம் இன்ஜினியர் சாதியே இல்லை. ஆரம்ப காலத்திலிருந்து ரஹ்மானோடு இருந்தவர். எந்தச் சத்தம் முன்னால், எது பின்னால், எது காதோரம் என்று வைத்துக் கொடுத்த கை அவருடையது. 2008 டிசம்பர் 1-ஆம் தேதி காலமானார். மூன்று மாதத்துக்குள், 2009 பிப்ரவரியில், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மான் இரண்டு ஆஸ்காரோடு மேடையில் நின்று தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னார். ஸ்ரீதர் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ரஹ்மான் வழி வெற்றியானதும், அந்த வழியில் பாதியை மட்டும் காப்பியடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், முடிந்தது வேலை. கோடம்பாக்கத்தில் தினம் மூன்று ரிக்கார்டிங் என்று ஓடிய வயலின்காரர்களுக்குக் கால்ஷீட் குறைந்தது. நம்ம ஊரில் எங்கள் தோலக் அண்ணா. அதே பாட்டுதான், சின்ன மேடை.

தொழிற்சாலையிலும் நான் அதே வேலையைத்தான் செய்தேன். இதை இங்கே சொல்லலாமா என்று ராத்திரி யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். மெயின்டனன்ஸில் இருந்தபோது ஒரு லைனுக்குப் பி.எல்.சி. போட்டேன். நான்கு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கலாம் என்றானது. எனக்கு இன்கிரிமென்ட். அந்த மூன்று பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். மறுநாள் கேட்டில் அவர்கள் இல்லை. அன்றைக்கும் நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தேன்.

அதனால்தான் ரஹ்மானுடைய வாழ்க்கையில் ஆஸ்காரைவிட இன்னொரு பக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி ஆரம்பித்தார். அதை ஒட்டி சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், செல்லோ எல்லாம் இலவசமாகச் சொல்லிக் கொடுத்து ஒரு இசைக்குழுவாக்குகிற வேலை. கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் அறுபது வயலின் கேட்கும் என்று நமக்குக் காட்டிய அதே மனுஷர், பிள்ளைகள் கையில் நிஜ வயலினைக் கொடுக்கிறார். கருவி விஷயத்திலும் அப்படித்தான். கீபோர்டில் கட்டைக்குக் கட்டை படி ஏறுகிற மாதிரி. நம்ம சங்கீதமோ சரிவில் வழுக்குகிற மாதிரி. கமகம் படியில் நிற்காது. பிட்ச் வீல் என்று ஒரு சக்கரம் உண்டு, 16,384 நிலை இருக்கிறது, இருந்தும் சக்கரம் ஒரு கை, கட்டை ஒரு கை. அவர் கன்டினியம் என்ற ஒரு கருவியைத் தேடிப் பிடித்தார். கட்டையே கிடையாது; மெத்தை மாதிரி ஒரே பரப்பு, விரலை இழுத்தால் சுரம் இழுபடும். 2009-இல் வந்த 'டெல்லி 6' படத்தில் கேட்கலாம். மெஷினுக்கு ஏற்ற மாதிரி கமகத்தை வெட்டாமல், கமகத்துக்கு ஏற்ற மெஷினைத் தேடினார். நான் டப்பாங்குத்தைப் பதினாறு பட்டனுக்குள் அடைத்தவன். வித்தியாசம் புரிகிறதா?

கடைசியாக, இப்போது முன்னால் வந்து நிற்கிற விஷயம். 2024-இல் 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டு. பாடினவர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது. இருவருமே உயிரோடு இல்லை. செயற்கை நுண்ணறிவை வைத்து அவர்கள் குரலை மறுபடி உண்டாக்கினார்கள். நாடெங்கும் விவாதம். அவர்களுடைய குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய பணமும் கொடுத்துத்தான் செய்தோம் என்று ரஹ்மான் விளக்கம் சொன்னார். சிலர் ஏற்றார்கள், சிலர் செத்தவர் குரலைத் தொடலாமா என்றார்கள். எனக்கும் உள்ளே ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. குரலுக்குச் சொந்தக்காரர் சம்மதம் சொல்ல வழியில்லையே. ஆனாலும் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியை அவர் கேட்டுப் பதிலும் சொன்னார். 1991-இல் எங்கள் வேனில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். மெஷினைச் சரி செய்தவன்.

இந்தச் செய்தியைப் படித்த வாரம்தான் அண்ணாவைத் தேடிப் போனேன். மத்திகிரிக்கு அந்தப் பக்கம், மகன் வீட்டில் இருக்கிறார். பட்டறையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. தோலக் மட்டும் பரண் மேலே துணி சுற்றி இருந்தது. தோலை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தோம். என் வீட்டு மாடியில் மைக் வைத்து, அவர் கையில் இருக்கிற ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். ஓங்கி அடிப்பது, விரல் நுனியால் தட்டுவது, இடது பக்கம் உள்ளங்கையால் அழுத்தி வழுக்குவது எல்லாம். இரண்டு நாள். இப்போது என் கம்ப்யூட்டரில் கட்டையை அழுத்தினால் அண்ணாவின் கை விழும்.

போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். சிரித்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, நான் போன பின்னாடியும் இது வாசிக்குமா?"

"வாசிக்கும் அண்ணா."

"அப்ப பேட்டா யாருக்கு?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வந்து எழுதினேன். இந்தச் சத்தத்தை எந்த மேடையிலோ எந்தப் பதிவிலோ பயன்படுத்தினாலும், நேரில் வந்து வாசிப்பவருக்கு என்ன கூலியோ அது அண்ணாவுக்கு, அவருக்குப் பிறகு அவர் பேத்திக்கு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சட்டத்தில் நிற்குமா என்று நம் கல்லூரியில் படித்து வக்கீலாகப் போன ஒருவரிடம் கேட்டேன், அவரும் இங்கேதான் இருக்கிறார். "நிக்கிற மாதிரி எழுதித் தரேன், முதல்ல சாப்பாடு போடு" என்றார். (சிரிப்பு) அந்தத் தாளைப் போன வாரம் முத்திரைத்தாளாக மாற்றியாகிவிட்டது.

மாணவர்கள் கடைசியில் கேள்வி கேட்பீர்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். "சார், ஏ.ஐ. வந்தா எங்களுக்கு வேலை இருக்குமா?" என்றுதான் கேட்கப் போகிறீர்கள். எனக்கு விடை தெரியாது. உங்களில் நிறையப் பேர் அந்த மெஷினைப் பொருத்துகிற பக்கம்தான் இருக்கப் போகிறீர்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள். மேடையைவிட்டு இறங்கியும் பேசுவோம், நான் எங்கேயும் போகவில்லை.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். நம்ம ஊர் கடிகாரம்தான், தப்பு காட்டாது. உள்ளே இருக்கிற ஸ்படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது; பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் ஒன்று. ஃபிளிப் ஃபிளாப் பாடம், முதல் வருஷம், மறந்திருந்தால் திரும்பிப் படியுங்கள்.

ஒரு அறிவிப்பு. இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், நமது பழைய மாணவர்களின் பாட்டுக் கச்சேரி இருக்கிறது. கீபோர்டு நான். மூன்று பாஷையிலும் பாட்டு உண்டு. தோலக் அண்ணா வந்திருக்கிறார். அதோ, அந்தத் தூண் பக்கம், வெள்ளைச் சட்டை. எழுந்திருக்கமாட்டார், கூச்சப்படுவார். (கைதட்டல்) அண்ணா, பாட்டு போகப் போக கொஞ்சம் ஓடும் என்று சொன்னீங்களே, ஓடட்டும். ரிதம் மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாங்க பின்னாடியே ஓடி வர்றோம்.